ஓர் எச்சரிக்கை, பல வாய்கள்

1904 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை காலை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு ஜவுளிக் கிடங்கு தீப்பற்றியது. காற்றும் சேர்ந்துகொள்ள, உள்ளூர்த் தீயணைப்புப் படையால் சமாளிக்க முடியவில்லை. அக்கம்பக்கத்து நகரங்களுக்குத் தந்தி பறந்தது. வாஷிங்டனிலிருந்து எந்திரங்களை ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். பிலடெல்பியாவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஆள் உண்டு, எந்திரம் உண்டு, தெருக்குழாயில் தண்ணீரும் உண்டு. ஆனால் வெளியூர் ஹோஸின் மரை பால்டிமோர் குழாயின் மரையில் ஏறவில்லை. ஊருக்கு ஓர் அளவில் மரை வெட்டியிருந்த காலம் அது. இணைப்பில் கான்வாஸ் துணியைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தார்கள். தண்ணீர் அங்கேயே பீய்ச்சியடித்தது. முப்பது மணி நேரம் எரிந்து ஓய்ந்தபோது சுமார் 1,500 கட்டடங்கள் சாம்பலாகியிருந்தன. மறு ஆண்டே ஹோஸ் இணைப்புகளுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான அளவு ஒன்று வகுக்கப்பட்டது.

இன்றைக்குப் பேரிடர் நேரத்தில் பொருந்தாமல் போவது பெரும்பாலும் மென்பொருள். வானிலைத் துறையிடம் ஒன்று, அணைகளைக் கவனிக்கும் துறையிடம் ஒன்று, காவல்துறையிடம் ஒன்று, மருத்துவமனைகளிடம் ஒன்று. ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆண்டில், வெவ்வேறு நிறுவனத்திடம் வாங்கியது. தனித்தனியே எல்லாம் நன்றாகத்தான் ஓடும். ஒன்று சொல்வது இன்னொன்றுக்குப் புரியாது, அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்ய எல்லாத் துறைக்கும் சேர்த்து ஒரே ராட்சத மென்பொருளை எழுதிவிடலாமே என்றுதான் முதலில் தோன்றும். அப்படித் தொடங்கும் திட்டங்கள் எளிதில் முடிவதில்லை. ஒவ்வொரு துறைக்கும் அதனதன் வேலைமுறை இருக்கிறது. அதை யாரும் விட்டுத்தர மாட்டார்கள். இன்னொரு வழி எளிமையானது. உள்ளே யார் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். வெளியே அனுப்பும் செய்தி மட்டும் எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே வடிவத்தில் இருக்கட்டும். அந்த வடிவத்தின் விவரம் யாரும் கட்டணமின்றிப் படித்துப் பயன்படுத்தும்படி வெளிப்படையாக இருந்தால், அதுதான் திறந்த தரநிலை.

கணக்கும் இதற்கே சாதகம். எச்சரிக்கை தரும் துறைகள் ஐந்து, அதை மக்களிடம் சேர்க்கும் வழிகள் பத்து என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடு நேரடியாகக் கோத்தால் ஐம்பது இணைப்புகள் வேண்டும். பொது வடிவம் ஒன்று இருந்தால் பதினைந்து போதும். பதினோராவதாக ஒரு வழி வந்தால் முதல் முறையில் ஐந்து இணைப்புகள் கூடும். இரண்டாவதில் ஒன்றே ஒன்று.

படிவத்துக்குள் என்ன இருக்கிறது?

எச்சரிக்கைகளுக்கு அப்படி அமைந்த பொது வடிவத்தின் பெயர் காமன் அலர்ட்டிங் புரோட்டோகால், சுருக்கமாகக் கேப். எச்சரிக்கைகளைத் திரட்டிப் பரப்ப ஒரு பொதுமுறை வேண்டும் என்று 2000 நவம்பரில் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் தொழில்நுட்பக் குழு அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டு ஆர்ட் பாட்டரெல் என்ற அவசரகால நிர்வாக வல்லுநர் முன்னின்று, பல நாட்டு வல்லுநர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சேர்த்து வரைவைத் தொடங்கினார். ஒயாசிஸ் என்ற தரநிலை அமைப்பு 2004இல் அதை ஏற்றது. 2007இல் ஐ.நா.வின் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் எக்ஸ்.1303 என்ற எண்ணில் பரிந்துரையாக வெளியிட்டது. பரவலாகப் புழங்கும் 1.2 பதிப்பு 2010இல் வந்தது.

பார்க்கப்போனால் இது ஒரு படிவம்தான். கடலூர் மாவட்டத்துக்கு ஓர் அதிகனமழை எச்சரிக்கை போவதாக வைத்து இதை நிரப்பிப் பார்க்கலாம். முதலில் அனுப்புநர் யார், எப்போது அனுப்பினார், செய்தியின் தனி அடையாள எண் என்ன என்ற விவரங்கள். அடுத்து, இது உண்மையா, ஒத்திகையா, கருவிச் சோதனையா என்று ஒரு கட்டம். பிறகு, இது புதிய எச்சரிக்கையா, பழையதன் திருத்தமா, ரத்தா என்று இன்னொன்று. திருத்தமோ ரத்தோ என்றால் எந்தச் செய்தியைக் குறிக்கிறது என்பதை அந்த அடையாள எண்ணைக் கொண்டே சொல்லியாக வேண்டும். மூன்று நாள் மழையில் முப்பது அறிவிப்புகள் வந்தாலும் கடைசியாக எது செல்லும் என்று கணினிக்குக் குழப்பம் வராது.

இந்தப் படிவத்தின் மூளை இருப்பது அடுத்த மூன்று கட்டங்களில். எவ்வளவு அவசரம்? எவ்வளவு கடுமை? எவ்வளவு உறுதி? பேச்சில் இவை மூன்றையும் சேர்த்துக் குழப்பி ‘பெரிய ஆபத்து’ என்று சொல்லிவிடுகிறோம். படிவம் பிரித்துக் கேட்கிறது. மூன்று நாள் தள்ளி வரக்கூடிய பெரும்புயல் கடுமையில் உச்சம். அவசரத்திலும் உறுதியிலும் குறைவு. இப்போதே தெருவில் ஓடும் முழங்கால் வெள்ளம் கடுமையில் நடுத்தரம். அவசரத்திலும் உறுதியிலும் முழு மதிப்பு. ‘கண்ணால் கண்டது’ என்பதற்குத் தனி மதிப்பு, ‘பாதிக்கு மேல் வாய்ப்பு’ என்பதற்குத் தனி மதிப்பு. இந்த மூன்றையும் பார்த்தே, நள்ளிரவில் சைரனை அலற விடுவதா, காலைச் செய்தியில் சொன்னால் போதுமா என்று வாங்கும் கருவி முடிவு செய்துகொள்ளும்.

இடத்தைச் சொல்ல மாவட்டப் பெயர் மட்டும் போதாது. தென்பெண்ணைக் கரையோரக் கிராமங்களுக்கு மட்டும் எச்சரிக்கை என்றால், வரைபடத்தில் அந்தப் பகுதியைச் சுற்றி ஒரு பலகோணம் வரைந்து, மூலைகளின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைச் செய்தியோடு சேர்த்து அனுப்பலாம். கடைசியில் மக்கள் செய்ய வேண்டியது என்ன என்ற அறிவுரை. ஒரே செய்திக்குள் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக அதைத் தனித்தனியே எழுதலாம். எத்தனை மணிக்கு இது காலாவதியாகும் என்பதும் உண்டு.

ஒருமுறை நிரப்பிவிட்டால் போதும். செல்பேசி அதிலிருந்து தலைப்பை எடுத்துக்கொள்ளும். வானொலி அறிவுரையை வாசிக்கும். இணைய வரைபடம் பலகோணத்தைச் சிவப்பாக்கும். கடற்கரைச் சைரன் அவசரம், கடுமை, உறுதிக் கட்டங்களைப் பார்த்து ஒலிக்கும்.

நம் செல்பேசிக்கு வரும் வழி

இந்தியாவில் இந்த ஏற்பாட்டுக்குச் ‘சசெத்’ என்று பெயர். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காக மத்திய அரசின் சி-டாட் நிறுவனம் உருவாக்கியது. முன்னோட்டம் நடந்தது தமிழ்நாட்டில். வானிலைத் துறை, மத்திய நீர் ஆணையம், கடல் அலைகளைக் கண்காணிக்கும் ஹைதராபாத் இன்காய்ஸ் மையம் போன்றவை கேப் வடிவில் எச்சரிக்கை தருகின்றன. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பார்த்து ஒப்புதல் அளித்ததும், குறித்த பகுதியில் இருப்பவர்களுக்கு அவரவர் மொழியில் குறுஞ்செய்தி போகிறது.

குறுஞ்செய்தியில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியே போக வேண்டும் என்பதால், லட்சக்கணக்கான பேர் என்றால் வரிசையில் நிற்கும். அதற்கு மாற்று செல் பிராட்காஸ்ட். இதில் செல்கோபுரம் எந்த எண்ணையும் தேடுவதில்லை. வானொலி நிலையம்போல் ஒருமுறை ஒலிபரப்புகிறது, எல்லைக்குள் இருக்கும் கைபேசிகளெல்லாம் ஒரே நேரத்தில் அலறுகின்றன. 2023இல் பலருடைய கைபேசி திடீரென்று கத்தி, ‘இது சோதனைச் செய்தி’ என்று காட்டியது இந்த முறையில்தான்.

அலை வடிந்த பிறகு

எச்சரிக்கை முன்பாதி மட்டுமே. அலை வடிந்தபின் யார் எங்கே என்று கணக்கு வைப்பது பின்பாதி. ஒரே பேரிடரில் இரண்டும் தவறியதுண்டு. 2004 டிசம்பர் 26 அன்று, சுமத்ரா அருகே நிலநடுக்கம் நேர்ந்த கால் மணி நேரத்தில் ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி மையம் அறிவிப்பு வெளியிட்டுவிட்டது. பசிபிக் கடற்கரைகளுக்கு மட்டும். இந்தியப் பெருங்கடலுக்கென்று அப்போது எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. அலை இலங்கையின் கிழக்குக் கரையையும் நாகப்பட்டினத்தையும் தொடச் சுமார் இரண்டு மணி நேரம் இருந்தும் அது வீணாயிற்று.

அதற்குப் பிறகு இலங்கையில் யார் எந்த முகாமில் இருக்கிறார்கள், யாரைக் காணவில்லை, எந்த ஊருக்கு எந்த உதவி போயிற்று என்று கணக்கு வைக்க வழியில்லாமல் திண்டாடினார்கள். லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த தன்னார்வலர்கள் உட்கார்ந்து எழுதிய ‘சகானா’ என்ற மென்பொருள் அப்போது பிறந்தது. காணாமல்போனோர் பதிவு, முகாம் பதிவு, நிவாரண நிறுவனங்களின் பட்டியல், உதவிக் கோரிக்கை என்று தனித்தனிப் பகுதிகளாக அமைத்தார்கள். மூலநிரல் திறந்தே இருந்ததால் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2006இல் பிலிப்பைன்ஸ் நிலச்சரிவுக்கும் அதையே எடுத்து ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ள முடிந்தது.

கத்ரீனா புயலின்போது அமெரிக்காவில் வேறு கூத்து. 2005 ஆகஸ்டு இறுதியில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியதும், காணாமல்போனவர்களைத் தேட இணையத்தில் ஆளாளுக்கு ஒரு தளம் திறந்தார்கள். அண்ணனைத் தேடித் தம்பி ஒரு தளத்தில் எழுத, ‘நான் நலம்’ என்று அண்ணன் வேறொன்றில் எழுதியிருக்கக்கூடும். தன்னார்வலர்கள் பி.எஃப்.ஐ.எஃப் என்ற பொது வடிவத்தை அவசரமாக எழுதினார்கள். ஆளைப் பற்றிய பதிவு ஒன்று, அவரைப் பற்றி மற்றவர் தரும் தகவல் குறிப்பு வேறு. குறிப்பு கூடிக்கொண்டே போகலாம், மூலப் பதிவு கலையாது. 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது கூகுள் தொடங்கிய தேடல் சேவை இந்த வடிவத்தில்தான் மற்றத் தளங்களோடு தகவல் மாற்றிக்கொண்டது.

வடிவம் எதைச் செய்யாது?

2018 ஜனவரி 13, காலை 8.07. ஹவாய் மக்களின் கைபேசிகளில், ஏவுகணை வருகிறது, பதுங்குங்கள் என்ற எச்சரிக்கை அலறியது. பொய்ச் செய்தி. திருத்தம் கைபேசிக்கு வர 38 நிமிடம் ஆயிற்று. கேப் படிவத்தில் ‘ஒத்திகை’ என்ற கட்டமும் உண்டு, ‘ரத்து’ என்ற கட்டமும் உண்டு. ஆனால் ஒரே ஊழியர் இன்னொருவர் சரிபார்க்காமலேயே அனுப்ப முடிந்தது. பொய் என்று அறிவிக்க முன்கூட்டி எழுதிவைத்த வாசகமும் இல்லை. வடிவம் ஒழுங்காக இருந்தாலும் அலுவலக நடைமுறை ஒழுங்காக இல்லாவிட்டால் தவறான செய்திதான் துல்லியமாகவும் வேகமாகவும் போகும்.

இன்னொரு குறை, கடைசி மைல். 2017இல் ஒக்கி புயல் வந்தபோது குமரி மீனவர்கள் பலர் ஆழ்கடலில், செல்கோபுரம் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். 2019இல் இன்காய்ஸ் அறிமுகப்படுத்திய ஜெமினி என்ற கருவி, செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையை வாங்கி ப்ளூடூத்தில் மீனவரின் கைபேசிக்குத் தருகிறது. இப்படிப் புதிது புதிதாகக் கருவிகள் வரும். அனுப்பும் பக்கத்தைத் தொடாமலே அவற்றைச் சேர்த்துக்கொள்ளப் பொது வடிவம் கைகொடுக்கும். கருவியைப் படகில் வைப்பது அரசின் வேலை.

ஆகவே மாநகராட்சியோ மாவட்ட நிர்வாகமோ வெள்ளக் கண்காணிப்புக்கு மென்பொருள் வாங்கும்போது, திரை எவ்வளவு அழகு என்று கேட்பதற்கு முன் வேறு சில கேள்விகளைக் கேட்க வேண்டும். தகவலை எந்த வடிவில் வெளியே தரும்? அந்த வடிவம் யாருக்கும் திறந்ததா? நாளைக்கு இந்த நிறுவனம் போய் வேறொன்று வந்தால் பழைய பதிவுகள் கூட வருமா? பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட வேண்டும். வெள்ளம் வந்தபின் கேட்டால், ஹோஸின் மரை ஏறவில்லை என்பதைத் தீ எரியும்போது கண்டுபிடித்த கதைதான்.