உறுமி கேட்ட காதுகளுக்கு ஒரு பெடல்

1970களின் இறுதியில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றின் மாரியம்மன் திருவிழாவுக்கு ஆர்க்கெஸ்ட்ரா வந்தால், லாரியிலிருந்து இறங்கும் சாமான்களை லயத்துப் பிள்ளைகள் ஒன்றுவிடாமல் எண்ணிச் சொல்லிவிடுவார்கள். ஓர் ஆர்கன், ஒரு டிரம் செட், தபேலா, இரண்டு கிதார், அவற்றுக்கான ஒலிபெருக்கிகள். பேஸ் கிதார் வாசிப்பவரின் காலடியில் கைக்கடக்கமாக ஒரு பெடல் இருந்தால் அது வசதியான குழு. இன்று ஈப்போவின் புந்தோங்கில், பள்ளி முடித்த ஒரு பையனின் கைப்பேசிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பெடல்கள் இருக்கின்றன. அவற்றில் பாதியை அவன் இன்னும் திறந்தே பார்க்கவில்லை. அன்று அவர் காலடியில் இருந்ததும் இன்று இவன் அடிக்கடி தேடிப் போவதும் ஒன்றேதான்: மீட்டியதும் ‘வா’ என்று வாய் திறக்கும் என்வலப் ஃபில்டர்.

வா-வா பெடலைப் பாதத்தால் முன்னும் பின்னும் மிதித்தால் ஒலி திறந்து மூடும். என்வலப் ஃபில்டரில் அந்த வேலையை விரல் செய்கிறது. தந்தியின் சத்தம் எவ்வளவு வேகமாக எழுகிறது, எவ்வளவு மெதுவாக அடங்குகிறது என்பதைப் பெடலின் மின்சுற்று கணத்துக்குக் கணம் அளக்கிறது. அந்த அளவு மின்னழுத்தமாக மாறி ஃபில்டரைத் திறக்கிறது. ஓங்கி மீட்டினால் அகலத் திறந்து கூர்மையான மேலொலிகள் வெளியே வரும். ஒலி தேயத் தேய மூடிக்கொள்ளும். மெல்லத் தொட்டால் திறக்கவே திறக்காது.

1972இல் அமெரிக்காவின் மியூசிட்ரானிக்ஸ் நிறுவனத்துக்காக மைக் பீகல் வடிவமைத்த மியூ-ட்ரான் III இந்த ஒலியை உலகறியச் செய்தது. அடுத்த ஆண்டே ஸ்டீவி வொண்டர் ‘ஹையர் கிரவுண்ட்’ பாடலில் கிளாவினெட்டை அதன் வழியே வாசித்தார். பூட்சி காலின்ஸ் அதைப் பேஸ் கிதாரில் தம் முத்திரையாக்கினார். அது இரண்டு 9 வோல்ட் பேட்டரி கேட்கும் பெரிய பெட்டி. 1978இல் ஜப்பானின் பாஸ் நிறுவனம் டி-வா பெடலை வெளியிட்டபோது அதே வித்தை ஒற்றை பேட்டரியில், உள்ளங்கையளவில் வந்தது. இரண்டு குமிழ், ஒரு விசை, அவ்வளவுதான். எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது இந்தச் சின்ன வகை. அதுவும் பெரும்பாலும் சிங்கப்பூர் போய்வந்த யாரோ ஒருவர் கையில், பழசாக.

நான் வளர்ந்த தோட்டத்தில் அப்போது ஜெனரேட்டர் மின்சாரம். மாலையில் சில மணி நேரம் ஓடும். திருவிழா இரவில் மட்டும் மானேஜரிடம் கேட்டு நீட்டிப்பார்கள். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது விளக்கு மங்கும், ஒலிபெருக்கி இரையும். பேட்டரியில் ஓடும் பெடலுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பேட்டரி தேய்ந்துவிட்டால் விரல் என்னதான் ஓங்கி மீட்டினாலும் வாய் பாதிதான் திறக்கும். பிளக் செருகியிருக்கும் வரை பெடல் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும் என்பதால், அறிவிப்பாளர் பேசுகிற இடைவெளியில்கூட அதை உருவி வைப்பது வழக்கம்.

பேஸ் கிதாரின் தடித்த தந்தியை அப்படியே மீட்டினால் வருவது 41 ஹெர்ட்ஸ். சாதாரண கிதாரின் தடித்த தந்தியில் அதன் இருமடங்கு, 82. கிதாருக்கென்று செய்த பெடலில் பேஸைச் செருகினால் ஃபில்டர் அடியொலியைப் பெருமளவு வெட்டிவிடும். ‘வா’ நன்றாகக் கேட்கும், பாட்டுக்கு அடித்தளம் இருக்காது. இன்றைய பேஸ் பெடல்கள் பலவற்றில் மூல ஒலியைத் தனியே கலந்துகொள்ள ஒரு குமிழ் வைத்திருக்கிறார்கள். அன்று அது இல்லாததால், எனக்குக் கற்றுத்தந்த அண்ணன் பல்லவி முழுக்கப் பெடலைத் தொடமாட்டார். இடையிசையில் டிரம்காரர் காலால் பெரிய டிரம்மை அழுத்தி அடிக்கத் தொடங்கிய பிறகே மிதிப்பார். அடியை டிரம் தாங்கிக்கொள்ளும் அந்தச் சில வரிகளுக்குள் வாசித்து முடித்து அணைத்துவிடுவார். பெடலின் குமிழ்களைவிடக் கிதாரின் சத்தக் குமிழைத்தான் அதிகம் திருகுவார். அதைக் கொஞ்சம் குறைத்தாலே பெடலின் வாய் சுருங்கும் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

லயத்து மக்களுக்கு இந்த ஒலி அந்நியமாகப் படவில்லை. உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் முனகலும் கையின் அழுத்தத்துக்கேற்ப ஏறி இறங்குவதுதான். பகலில் சாமியாடியவர் முன் உறுமி கேட்ட அதே காதுகள், இரவில் பேஸ் கிதாரிலிருந்து அது எழுந்ததும் மேடைப் பக்கம் திரும்பின. முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்த பாட்டிகளுக்குப் பெடல் என்றால் என்னவென்று தெரியாது. “அந்த உறுமி மாதிரி இன்னொரு தடவ வாசிங்க தம்பி” என்று கேட்டிருக்கிறார்கள். அதைவிடச் சரியான விளக்கத்தை நான் பிறகு எங்கும் கேட்கவில்லை.

பேராவின் கோலகங்சாரில் 1877இல் நட்ட கன்றுகளோடு தொடங்கிய பால்மரக் காலம் எங்கள் கண்முன்னே சுருங்கியது. 1980களின் தொடக்கத்தில் நாடு முழுக்க ரப்பர் சுமார் 20 லட்சம் ஹெக்டர். செம்பனை 10 லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. இன்று ரப்பர் 11 லட்சம் அளவில் நிற்க, செம்பனை 55 லட்சத்துக்கும் மேல் போய்விட்டது. செம்பனைக்குப் பால்வெட்டு அளவுக்கு ஆள் வேண்டாம். வேண்டிய ஆட்களும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தார்கள். லயத்துக் குடும்பங்கள் சுங்கை சிப்புட் தாமான்களுக்கும் ஈப்போவின் புந்தோங், சிலிபின் பக்கமும் குடிபெயர்ந்தன. பல இடங்களில் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை கார்களில் வந்து, பூசை முடித்து, சாப்பிட்டு, பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். ராத்தங்கல் இல்லாத திருவிழாவில் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இடம் ஏது? கல்யாண மண்டபங்களில் இன்று இரண்டு பாடகர்களும் ஒரு லேப்டாப்பும் போதும். தாளம் தவறுவதில்லை, செலவும் குறைவு. கண்ணாலேயே சைகை காட்டி அடுத்த சரணத்துக்குப் போகச் சொல்லும் ஆறேழு பேர் மட்டும் அங்கே இல்லை.

உறுமி ஓயவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஈப்போவின் குனோங் சீரோ சுப்பிரமணியர் கோயிலுக்குத் தைப்பூசக் காவடிகள் போகும்போது உறுமி மேளக் குழுக்களில் நிற்பவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருப்பவர்கள். தோட்டம் போனபின் பிறந்த தலைமுறை அது. அவர்கள் கை அழுத்தத்தில் எங்கள் காலத்துக் குறை எதையும் நான் காணவில்லை.

பெடல்களின் கதையும் திரும்பி வந்திருக்கிறது. பாஸ் நிறுவனத்தின் சின்னப் பெடல்கள் முதலில் ஜப்பானில் செய்யப்பட்டன, பிறகு தைவானில். இப்போது அவற்றின் அடிப்பக்கத்தில் மலேசியாவில் தயாரானது என்று அச்சிட்டிருக்கிறது. மிதிக்கும் இடத்தில் இன்றும் கறுப்பு ரப்பர்தான். பால்மரத்தடியில் வளர்ந்த எங்களுக்குச் சிங்கப்பூர் வழியே பழசாகக் கிடைத்த பொருள், பால்மரம் வெட்டிய பின் நம் நாட்டிலேயே உருவாகிறது. அது தவிர, சீனத்துச் சிறு பெடல்கள் நூறு ரிங்கிட் சுற்றுவட்டத்தில் வீட்டு வாசலுக்கே வருகின்றன. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்றிருக்கும்போது, ஓர் ஏழைவீட்டுப் பிள்ளைக்கும் அது எட்டாத ஆசையில்லை. எங்கள் காலத்தில் அதை வீட்டில் வாய்திறந்து கேட்கவே கூசும். இந்த ஒன்றுக்காகவே இன்றைய நாளை நான் மெச்சுகிறேன்.

ஆனால் ஒரு பழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. புந்தோங் பையனின் கைப்பேசியில் பெடல்கள் வரிசையாகக் கோத்தே வருகின்றன. முதலில் கம்ப்ரஸர், அடுத்து ஃபில்டர். ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது கம்ப்ரஸரின் வேலை. அப்படிச் சமன்செய்த ஒலி ஃபில்டருக்குள் போனால், தட்டினாலும் தடவினாலும் ஏறக்குறைய ஒரே ‘வா’. அவன் விரல் பேசுவதைப் பெடல் கேட்பதில்லை. வரிசையை மாற்றி, ஃபில்டரை முதலில் வைத்து, உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் சென்ஸ் குமிழைப் பாதிக்கும் கீழே இறக்கி வாசிக்கச் சொன்னேன். முதலில் எதுவும் திறக்கவில்லை. கிதார் கெட்டுவிட்டதோ என்று நிமிர்ந்து பார்த்தான். கையைத் தந்திகளைத் தாங்கும் பாலத்துப் பக்கம் நகர்த்தி இன்னும் அழுத்தி மீட்டியபோது மூன்றாவது தட்டில் ‘வா’ வந்தது, அடுத்த மெல்லிய தட்டில் வெறும் ‘ம்’ வந்தது. அன்று மாலை முழுக்க அந்த இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டிருந்தான்.

அவனிடமிருந்து நான் கற்றதும் ஒன்று உண்டு. பழைய டி-வாவில் ஒலி உள்ளே போக ஒரே துளைதான். எந்தக் கருவி நுழைகிறதோ அதன் சத்தமேதான் ஃபில்டரைத் திறக்கும். இன்றைய மென்பொருள்களில் ஒரு கருவியின் சத்தத்தை அளந்து இன்னொன்றின் ஃபில்டரைத் திறக்க முடியும். அவன் தன் உறுமிக் குழு நண்பனின் வாசிப்பைப் பதிவு செய்து, பேஸ் கிதாரின் ஃபில்டரை அந்த உறுமிக்குக் கட்டிவிட்டான். பேஸில் ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கிறான். குச்சி தேயும் இடமெல்லாம் அது வாய் திறக்கிறது. எங்கள் அண்ணன் எத்தனை இரவு முயன்றாலும் அந்தப் பெடலில் இதைச் செய்திருக்க முடியாது.

பதிவு இன்னும் முடியவில்லை. மைக்கை உறுமியின் அடிக்கும் முகத்துப் பக்கம் வைத்துவிட்டதால், முனகலைவிட அடிச்சத்தமே ஃபில்டரை அதிகம் திறக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை, தேய்க்கும் முகத்துப் பக்கம் மைக்கை மாற்றி உறுமியை மட்டும் மறுபடி பதிவு செய்யப்போகிறார்கள். என் பேஸ் கிதாரையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்கள்.