நிலக்கரிக் களத்திற் பூத்த சோலை

இலண்டன் மாநகரில், கிங்ஸ் குறொஸ் புகையிரத நிலையத்தின் பின்புறம், றீஜன்ற் கால்வாய்க் கரையிலே ஏறத்தாழ இரண்டு ஏக்கர் நிலமுண்டு. முன்னாளில் அது நிலக்கரிக் களம். அத்தொழில் நலிந்தபின் கேட்பாரற்றுக் கிடந்த அந்நிலத்திற் புல்லும் புதரும் தாமே முளைத்தன, பறவைகளும் வந்தடைந்தன. பாழ்நிலமென்று பெயரிட்டவர் மனிதரே. 1980களின் தொடக்கத்தில் அதனை வாகனத் தரிப்பிடமாக்க முயன்றபோது, அயலவரும் இயற்கை ஆர்வலரும் எதிர்த்து வாதாடி அதனை மீட்டனர். குளம், நாணற்படுகை, புல்வெளி, சிறுகாடு என்பன அமைய, 1985இல் கம்லி வீதி இயற்கைப் பூங்கா திறக்கப்பட்டது. குளமே அதன் உயிர்நிலை. தவளையும் தும்பியும் அங்கே பெருகின், அவற்றை உண்ணும் பறவைகளும் தேடி வரும்.

எனினும் நிலவுரிமை உறுதிப்படாதவிடத்து இத்தகைய உழைப்பு நிலைப்பதரிது. கோபுரப் பாலத்தருகே, 1977இல் இரவல் நிலத்தில் எழுந்த வில்லியம் கேர்ட்டிஸ் சூழலியற் பூங்கா, அதே 1985இல் மூடப்பட்டு, நிலம் உரியவரிடம் மீளக் கையளிக்கப்பட்டது.