சாந்திநிகேதனின் திறந்த வாசல்: அயல்நாட்டு மாணவர்களுக்கு வந்த சோதனை

புதுதில்லி: வெளிநாட்டு மாணவர்கள் பயிலும் இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆண்டுக்கு ஒருநாள் பன்னாட்டுக் கலைவிழா நடைபெறுவது வழக்கம். ஆப்பிரிக்க மாணவர்கள் முரசு கொட்டுவர். நேபாள மாணவியர் நடனமாடுவர். உணவரங்குகளில் கூட்டம் நெரியும். துணைவேந்தர் குத்துவிளக்கேற்றி உரை நிகழ்த்துவார். மறுநாள் காலை அவரவர் விடுதி, அவரவர் வகுப்பு என்று எல்லாம் பழையபடி ஆகிவிடும். கலாசாரப் பரிமாற்றம் என்ற தலைப்பிலான கோப்பில் மட்டும் ஒரு பக்கம் கூடியிருக்கும்.

இத்தகைய விழாக்களைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால், அயல்நாட்டில் இருந்து வந்த ஒருவர் இங்கேயே தங்கி, இந்த மண்ணின் மொழியைக் கற்று, ஒரு கலையைக் கைவரப்பெற்று ஊர் திரும்புவது முற்றிலும் வேறானது. அதில் நூறாண்டு அனுபவம் உள்ள பல்கலைக்கழகம், மேற்கு வங்க மாநிலம் பீர்பூம் மாவட்டத்தில் உள்ள விஸ்வபாரதி.

கொல்கத்தாவில் இருந்து ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவில், போல்பூர் ரயில் நிலையத்தை ஒட்டியுள்ளது சாந்திநிகேதன். 1901-ம் ஆண்டு ஐந்து மாணவர்களுடன் ரவீந்திரநாத் தாகூர் அங்கு தொடங்கிய பள்ளி, 1921-ம் ஆண்டு டிசம்பர் 23-ம் தேதி விஸ்வபாரதியாக விரிந்தது. நாடு அடிமைப்பட்டிருந்த காலம் அது. ஒத்துழையாமை இயக்கம் தீவிரமாக நடைபெற்றுக்கொண்டிருந்தபோது, ஐரோப்பிய அறிஞர்களை அழைத்து வந்து பாடம் நடத்தச் சொன்னார் தாகூர். பிரெஞ்சு நாட்டின் சில்வான் லெவி முதல் வருகைப் பேராசிரியராக வந்தார். ஆங்கிலேயரான லியோனார்டு எல்ம்ஹர்ஸ்ட் 1922-ம் ஆண்டு அருகில் உள்ள ஸ்ரீநிகேதனில் ஊரகப் பணியைத் தொடங்கினார். வியன்னாவில் பயின்ற ஸ்டெல்லா கிராம்ரிஷ் கலை வரலாறு கற்பித்தார். 1929-ம் ஆண்டு ஜப்பானில் இருந்து ஷின்சோ தகாகாகி ஜூடோ பயிற்றுவிக்க வந்து சேர்ந்தார். பெண்கள் வீட்டை விட்டு வெளியே வருவதே அரிதாக இருந்த அந்நாளில் சாந்திநிகேதன் மாணவியரும் ஜூடோ பயின்றனர். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென்னின் தாயார் அமிதா சென் அவர்களில் ஒருவர்.

சீனத் தொடர்பு இன்னும் ஆழமானது. ஹூனான் மாகாணத்தைச் சேர்ந்த டான் யுன் ஷான் 1927-ம் ஆண்டு சிங்கப்பூரில் தாகூரைச் சந்தித்தார். அடுத்த ஆண்டே சாந்திநிகேதன் வந்தார். பின்னர் சீனாவுக்குச் சென்று நன்கொடையும் நூல்களும் திரட்டினார். அதன் பயனாக, 1937-ம் ஆண்டு ஏப்ரல் 14-ம் தேதி சீன பவன் திறக்கப்பட்டது. புகழ்பெற்ற சீன ஓவியர் சூ பெய்ஹாங் 1940-ம் ஆண்டு வாக்கில் இங்கு தங்கி ஓவியம் தீட்டினார். சீனப் பிரதமர் சூ என் லாய் 1957-ம் ஆண்டு நேரில் வந்து பல்கலைக்கழகத்தின் உயரிய தேசிகோத்தம விருதைப் பெற்றுச் சென்றார். ஐந்தே ஆண்டுகளில் எல்லையில் போர் மூண்டது; அரசுகளுக்கு இடையிலான நட்பு முறிந்தது. சீன பவனமும் அதன் நூலகமும் நிலைத்து நின்றன. டான் யுன் ஷானும் இந்தியாவை விட்டுச் செல்லவில்லை. 1983-ம் ஆண்டு இங்கேயே காலமானார்.

ஊர் திரும்பியவர்கள்

சாந்திநிகேதனில் பயின்று திரும்பியவர்கள் தத்தம் நாட்டில் செய்த பணியைக் கொண்டே இந்தப் பரிமாற்றத்தின் பயனை மதிப்பிட இயலும். இலங்கையின் ஆனந்த சமரக்கோன் 1936-ம் ஆண்டு இங்கு வந்து சில மாதங்களே பயின்றார். பின்னர் அவர் இயற்றி இசையமைத்த பாடலே அந்நாட்டின் தேசிய கீதம் ஆயிற்று. அவருக்குப் பின் வந்தவர் எதிரிவீர சரச்சந்திர. 1956-ம் ஆண்டு 'மனமே' நாடகத்தின் மூலம் சிங்கள நாடக மேடையின் போக்கையே மாற்றியவர் இவர். சிங்கள நடனத்தை நவீன மேடைக்குக் கொண்டுசென்ற சித்ரசேனாவும் சாந்திநிகேதனில் பயின்றவரே. இந்தோனேசிய ஓவியர் அஃபாண்டி 1949-ம் ஆண்டு இந்திய அரசின் உதவித்தொகை பெற்று வந்தவர்.

ஆயினும், வங்கதேசத்தின் கதைக்கு நிகராக வேறொன்றைச் சொல்ல இயலாது. 1947-ம் ஆண்டுக்கு முன் டாக்கா மாணவர் அங்கு வெளிநாட்டினர் அல்லர். சில்ஹெட் பகுதியில் இருந்து 1921-ம் ஆண்டு வந்து சேர்ந்த சையது முஜ்தபா அலி, பிற்காலத்தில் வங்க இலக்கியத்தின் தலைசிறந்த உரைநடையாளர்களில் ஒருவரானார். பிரிவினைக் கோடு வரையப்பட்ட பின், அதே ஊர்களில் இருந்து வருவோர் கடவுச்சீட்டுடன் வர வேண்டியதாயிற்று.

அப்படி வந்தவர்களில் ஒருவர் சஞ்சிதா காத்தூன். அன்றைய கிழக்கு பாகிஸ்தானில் இருந்து வந்து, 1955-ம் ஆண்டு விஸ்வபாரதியில் முதுகலைப் பட்டம் பெற்றார். தாகூர் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடுவதை பாகிஸ்தான் ஆட்சியாளர்கள் விரும்பாத சூழலில், 1961-ம் ஆண்டு டாக்காவில் 'சாயானட்' என்ற இசை, கலை அமைப்பு உருவானது. அதன் நிறுவனர்களுள் அவர் முக்கியமானவர். 1967-ம் ஆண்டு வானொலியில் தாகூர் பாடல்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அதே ஆண்டுதான் டாக்காவின் ரம்னா பூங்காவில், மரத்தடியில், விடியற்காலை இசையுடன் வங்கப் புத்தாண்டைக் கொண்டாடும் வழக்கத்தை சாயானட் தொடங்கியது. நான்கு ஆண்டுகளில் வங்கதேசம் பிறந்தது. தாகூரின் பாடல் அதன் தேசிய கீதமானது. 2001-ம் ஆண்டு அந்தப் புத்தாண்டு விழாவில் குண்டு வெடித்து உயிர்கள் பலியான பிறகும் நிகழ்ச்சி கைவிடப்படவில்லை. சஞ்சிதா காத்தூன் 2025-ம் ஆண்டு மார்ச்சில் காலமானார். ஒரு மாணவிக்குக் கிடைத்த சில ஆண்டுக் கல்வி, எல்லைக்கு அப்பால் எத்தனை பெரிய பணிக்கு உதவியது என்பதை எந்தத் தூதரக அறிக்கையும் கணக்கிட்டிருக்க முடியாது.

இன்றும் அங்கு பயிலும் வெளிநாட்டு மாணவருக்கு வாய்ப்புகள் குறைவில்லை. சங்கீத பவனில் ரவீந்திர சங்கீதம், கலா பவனில் ஓவியம், சிற்பம், துணிக்கலை ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. வங்க மொழி தெரியாமல் வருபவர் அதையும் கற்கலாம். தாகூர் பாடலைப் பொருள் விளங்காமல் பாடுவதை அங்குள்ள ஆசிரியர்கள் ஒப்புக்கொள்வதில்லை என்பதால், கற்றே தீரவேண்டியும் இருக்கிறது. மழைக்காலத்தில் மரநடு விழா, உழவு விழா. டிசம்பர் தொடக்கத்தில் கலா பவன் மாணவர்கள் தங்கள் படைப்புகளைத் தாங்களே விற்கும் நந்தன் மேளா. அம்மாத இறுதியில் பௌஷ் மேளா. பங்குனியில் வசந்த விழா. இவற்றில் உள்நாட்டினர், வெளிநாட்டினர் என்று தனித்தனி மேடை கிடையாது. நந்தன் மேளாவுக்காக இரவெல்லாம் கண்விழித்துக் களிமண் பிசையும் கூட்டத்தில் யார் எந்த நாட்டவர் என்று எவரும் கேட்பதில்லை. மற்ற பல்கலைக்கழகங்களின் ஒருநாள் விழாவில் இல்லாதது இதுதான்.

இந்த மரபிலும் சில விரிசல்கள் தென்பட்டன. 2019-ம் ஆண்டுக்குப் பின் சில ஆண்டுகள் பல்கலைக்கழகம் பௌஷ் மேளாவை நடத்தவில்லை. 2024-ம் ஆண்டில்தான் மீண்டும் ஏற்று நடத்தியது. கட்டுக்கடங்காத கூட்டத்துக்கு அஞ்சி, வசந்த விழா வளாகத்தினருக்கு மட்டும் உரியதாகச் சுருங்கியது. யுனெஸ்கோ 2023-ம் ஆண்டு செப்டம்பரில் சாந்திநிகேதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த காலத்திலேயே இந்த நிலை நிலவியது.

விசாவும் வாய்ப்பூட்டும்

இவற்றைவிடக் கடுமையான சோதனை 2020-ம் ஆண்டு பிப்ரவரியில் வந்தது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டப் படங்களை முகநூலில் பகிர்ந்த வங்கதேச மாணவி ஒருவரை, 15 நாள்களுக்குள் நாட்டை விட்டு வெளியேறுமாறு கொல்கத்தாவில் உள்ள வெளிநாட்டினர் பதிவு அலுவலகம் உத்தரவிட்டது. அரசுக்கு எதிரான நடவடிக்கையில் ஈடுபட்டதாகக் கூறப்பட்டது. அவர் விஸ்வபாரதியில் இளநிலை வடிவமைப்புக் கலை பயின்றவர்.

ஏறத்தாழ அதே நாள்களில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் பயின்ற போலந்து மாணவர் ஒருவருக்கும் இதேபோன்ற உத்தரவு வந்தது. அவர் கொல்கத்தா உயர் நீதிமன்றத்தை அணுகினார். மார்ச் மாதம் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு தரும் பேச்சுரிமை குடிமக்களுக்கு உரியது. ஆனால், வாழ்வுரிமையையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் 21-வது பிரிவு இந்திய மண்ணில் உள்ள எல்லா மனிதருக்கும் பொருந்தும். இவ்விரண்டுக்கும் நடுவில்தான் வெளிநாட்டு மாணவரின் நிலை ஊசலாடுகிறது. விருந்தினர் நாட்டின் அரசியலில் தலையிடலாகாது என்ற அரசின் வாதம் முற்றிலும் புறந்தள்ளத்தக்கதல்ல. எனினும், தன் வகுப்புத் தோழர்கள் எதைப் பற்றி நாள்தோறும் விவாதிக்கின்றனரோ, அதைப் பற்றி வாய் திறக்க அஞ்சும் மாணவருடன் நடைபெறும் பரிமாற்றம் பாட்டும் கூத்துமாகவே நின்றுவிடும்.

அடுத்த அடி எல்லைக்கு அப்பாலிருந்து விழுந்தது. இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் வங்கதேசப் பிரதமராக இருந்த ஷேக் ஹசீனாவும் 2018-ம் ஆண்டு மே 25-ம் தேதி சாந்திநிகேதனில் வங்கதேச பவனைத் திறந்துவைத்தனர். அருங்காட்சியகமும் நூலகமும் கொண்ட அந்தக் கட்டடம் இரு நாட்டு உறவின் சின்னமாகப் போற்றப்பட்டது. 2024-ம் ஆண்டு ஆகஸ்டில் ஹசீனா ஆட்சி கவிழ்ந்தது. அதைத் தொடர்ந்து வங்கதேசத்தில் இந்திய விசா சேவை வெகுவாகச் சுருக்கப்பட்டு, அவசர மருத்துவம், கல்வி போன்ற தேவைகளுக்கு மட்டும் குறைந்த எண்ணிக்கையில் முன்பதிவு அளிக்கப்பட்டது. படிக்க வருவோருக்கு வழி அடைக்கப்படவில்லை என்பது உண்மையே. ஆனால் மகளின் அரங்கேற்றத்தைக் காண வரும் பெற்றோரும், நூலகத்தில் இரண்டு வாரம் அமர வரும் ஆய்வாளரும், மேளாவில் பாட வரும் பாவுல் பாடகரும் எந்தப் பட்டியலில் இடம்பெறுவர்?

உயர்கல்வி குறித்த மத்திய அரசின் 2021-22-ம் ஆண்டு கணக்கெடுப்பின்படி, 170 நாடுகளைச் சேர்ந்த 46,878 மாணவர்கள் இந்தியாவில் பயின்றனர். அவர்களில் ஏறத்தாழ 28 சதவீதத்தினர் நேபாள நாட்டினர். 2018-ம் ஆண்டு தொடங்கப்பட்ட 'ஸ்டடி இன் இந்தியா' திட்டமோ, 2023-ம் ஆண்டுக்குள் 2 லட்சம் வெளிநாட்டு மாணவர்களை ஈர்க்க இலக்கு வைத்திருந்தது. வெளிநாட்டில் பயிலும் இந்திய மாணவர்கள் 2024-ம் ஆண்டில் 13 லட்சத்தைத் தாண்டிவிட்டனர்.

வெளிநாட்டு மாணவர்கள் உள்ள ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் அவர்களுக்கெனத் தனி அலுவலகம் வேண்டும் என்கிறது 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. விடுதி, வங்கிக் கணக்கு, சேர்க்கை போன்றவற்றில் அந்த அலுவலகம் பெரிதும் உதவும். ஆனால் வெளியேற்ற உத்தரவுகள் பிறப்பது உள்துறை அமைச்சகத்தின்கீழ் இயங்கும் பதிவு அலுவலகத்தில். விசா முடிவாவது தூதரகத்தில். இரண்டுமே பல்கலைக்கழகத்தின் கையில் இல்லை. விஸ்வபாரதி 1951-ம் ஆண்டு முதல் மத்தியப் பல்கலைக்கழகம். அதன் வேந்தர் பிரதமர். நாட்டின் வேறு எந்தப் பல்கலைக்கழகத்தைவிடவும் அதன் குரல் தில்லியில் எளிதில் கேட்கக்கூடியது.