தாழ்சர்க்கரையின் முன்னறிகுறிகளும் 'மயக்கம்' என்னும் சொல்லும்

ஆய்வுச் சுருக்கம்

இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளை எடுத்துக்கொள்ளும் நீரிழிவாளர்க்கு இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்வதுண்டு. அப்போது தோன்றும் அறிகுறிகளுள் சிலவற்றை நோயாளி உணர்கிறார். வேறு சிலவற்றை உடனிருப்பவரே காண்கிறார். 'மயக்கம்' என்னும் ஒரு சொல்லால் இரண்டையும் சுட்டும் வழக்கு, அறிகுறிகளை அடையாளம் காண்பதற்கு எவ்வாறு தடையாகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நீரிழிவு, தாழ்சர்க்கரை, முன்னறிகுறி, இரட்டைக்கிளவி, மயக்கம்.

முன்னுரை

நீரிழிவு என்றவுடன் சர்க்கரை மிகுதலே நினைவுக்கு வருகிறது. மிகுதலால் விளையும் கேடு பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் வளர்வது. தாழ்தலால் விளையும் கேடோ சில நிமிடங்களில் நேர்ந்துவிடக்கூடியது. 1922 சனவரியில் டொராண்டோவில் இன்சுலின் முதன்முதலாக நீரிழிவு நோயாளி ஒருவர்க்குச் செலுத்தப்பட்டது. உயிர் காத்த அம்மருந்தோடு இவ்விடரும் உடன்வந்தது. இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளாலும் இது நேரும். மெட்ஃபார்மினை மட்டும் உட்கொள்வோர்க்கு இது அரிது.

டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே சர்க்கரை இறங்குவதை எச்சரிக்கை நிலையாகவும், 54-க்குக் கீழே இறங்குவதைக் கடுமையான நிலையாகவும் மருத்துவர் கொள்வர். மூன்றாம் நிலைக்கு எண் இல்லை. தம்மைத் தாமே மீட்டுக்கொள்ள இயலாது பிறர் உதவியை நாடவேண்டிய நிலையே அது.

உணரப்படும் அறிகுறிகள்

உடல் எடையில் ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்கே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. அதற்குரிய குளுக்கோசை அது போதிய அளவு சேமித்து வைப்பதில்லை. ஆகவே சர்க்கரை இறங்கத் தொடங்கியதும் குளுக்கோகான், அட்ரினலின் முதலிய சுரப்புகள் எழுந்து ஈரலிலிருந்து சர்க்கரையை வெளிக்கொணர முயல்கின்றன. அம்முயற்சியின் புறவெளிப்பாடே கைநடுக்கம், நெஞ்சுத் துடிப்பு, வியர்வை, பசி ஆகியன.

இவற்றைச் சொல்லத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. நெஞ்சு 'படபட'க்கிறது, கை 'வெடவெட'க்கிறது, வயிறு 'கபகப' என்கிறது, வியர்வை 'குபுகுபு'வெனப் பெருகுகிறது. பிரித்தால் பொருள் தராத இவ்விரட்டைக்கிளவிகள் உடலின் உள்ளுணர்வை மருத்துவக் கலைச்சொற்களைவிட நுட்பமாக உணர்த்துகின்றன. மின்விசிறியின் கீழ் அமர்ந்திருக்கையில் உடல் சில்லிட்டு வியர்ப்பது இவற்றுள் தனியே கருதத்தக்கது.

காணப்படும் அறிகுறிகள்

சர்க்கரை மேலும் இறங்கினால் மூளையே குன்றத் தொடங்கும். கவனம் சிதறும், நாக்குக் குழறும், பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும். ஒரே கணக்கை மூன்று முறை கூட்டும் கடைக்காரரும், பாதி வாக்கியத்தில் நின்றுவிடும் ஆசிரியரும் இந்நிலையில் இருக்கக்கூடும். தம்நிலையை அறியவேண்டிய மூளையே குன்றியிருப்பதால் அவர்கள் அதனை அறிவதில்லை.

எடின்பரோவில் ஆய்வாளர் 1993-இல் பதினோர் அறிகுறிகளைப் புள்ளியியல் முறையில் மூன்று தொகுதிகளாகப் பகுத்தனர். வியர்த்தல், துடிப்பு, நடுக்கம், பசி ஆகியன ஒரு தொகுதி. குழப்பம், உறக்கச் சோர்வு, பொருந்தா நடத்தை, பேச்சுத் தடுமாற்றம், இயக்க ஒழுங்கின்மை ஆகியன மற்றொன்று. குமட்டலும் தலைவலியும் மூன்றாவது.

இரண்டாம் தொகுதியைத் தமிழ் வழக்கு சொல்லும் முறை வேறு. 'உளறுகிறார்', 'எரிந்து விழுகிறார்', 'பிடிவாதம் பிடிக்கிறார்', 'குடித்தவர்போல் நடக்கிறார்' என்பனவே வழங்குகின்றன. முதல் தொகுதி நோயின் சொல்லாகவும் இரண்டாம் தொகுதி பழிச்சொல்லாகவும் அமைந்துவிட்டது. சர்க்கரை தாழ்ந்தவர் இனிப்பு நீரைத் தட்டிவிடும்போது, அம்மறுப்பும் ஓர் அறிகுறியே என்பது வீட்டாருக்குத் தோன்றுவதில்லை. கோபத்துக்குக் கோபம் விடையாகிறது, நிமிடங்கள் கழிகின்றன.

மயக்கம்: ஒரு சொல், பல நிலை

இலக்கண வழக்கில் மயக்கம் என்பது கலத்தல். மெய்ம்மயக்கம், திணைமயக்கம் என்பனவும், தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியலும் ஆய்வாளர் நன்கறிந்தவை. பேச்சுவழக்கிலோ தலைசுற்றல், கண்ணிருட்டல், அறிவுக்குழப்பம், போதை, நினைவிழப்பு ஆகிய அனைத்துக்கும் அச்சொல்லே நிற்கிறது. 'மயக்கம் வந்ததா?' என்று மருத்துவர் வினவினால், கீழே விழாத நோயாளி 'இல்லை' என்பார். அரைமணி நேரம் பொருளின்றிப் பேசியிருந்தது விடுபட்டுப்போகும். படுக்கையிலிருந்து எழும்போது குருதியழுத்தம் குறைந்து தலை சுற்றியவரோ 'ஆம்' என்பார்.

சொல்லால் நேரும் இம்மயக்கத்தை அளவீடே தெளிவிக்கும். அமெரிக்க அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் மூன்றைச் சேர்த்துக் காணுமாறு வரையறுத்தார்: அறிகுறி இருத்தல், அப்போது சர்க்கரை தாழ்ந்திருத்தல், சர்க்கரை ஏறியதும் அறிகுறி நீங்குதல். நெடுநாள் உயர்ந்த சர்க்கரையோடு இருந்தவர்க்கு இயல்பான அளவுக்கு இறங்கும்போதே படபடப்பு எழுவதுண்டு. ஆயினும் கருவி கைவசம் இல்லையெனில் தாழ்ந்ததாகவே கொண்டு இனிப்பு அளிப்பது தகும்.

அறிகுறி மறைதல்

அடிக்கடி சர்க்கரை தாழ்வோர்க்கு முதல் தொகுதி மெல்ல மறையும். எச்சரிக்கை எழவேண்டிய அளவே கீழிறங்கிவிடுவதால், படபடப்புக்கு முன்பே குழப்பம் வந்துவிடும். 'எனக்கு இப்போதெல்லாம் ஒன்றும் தெரிவதில்லை' என்று நெடுநாள் இன்சுலின் போடுபவர் கூறுவதை நலத்தின் அடையாளமாகக் கொள்வது பெரும்பிழை. சில வாரங்கள் தாழாமல் காத்தால் இவ்வுணர்வு பலர்க்கு ஓரளவேனும் மீள்கிறது. குருதியழுத்தத்துக்கும் இதயநோய்க்கும் தரப்படும் பீட்டா தடுப்பு மருந்துகள் துடிப்பையும் நடுக்கத்தையும் மறைக்கும். வியர்வை நரம்புகள் அசிடைல்கோலின் வழி இயங்குவதால் வியர்த்தல் எஞ்சும். உறக்கத்தில் தாழ்ந்ததை நனைந்த தலையணை, கெட்ட கனவு, காலைத் தலைவலி ஆகியவற்றால் ஊகிக்கலாம்.

அறிந்தபின் செய்வது சிறிது. விழுங்க முடிந்தவர்க்கு 15 கிராம் குளுக்கோசு, அல்லது நீரில் கரைத்த மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை அளிக்கவேண்டும். 15 நிமிடம் கழித்து அளந்து, ஏறாவிடில் மீண்டும் அளிக்கவேண்டும். சாக்லேட்டின் கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும். அகார்போசு உட்கொள்பவர்க்குச் சர்க்கரை விரைந்து உதவாது, குளுக்கோசே வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்கவேண்டும். மாத்திரையால் தாழ்ந்தவர்க்கு, சிறப்பாகச் சிறுநீரகம் குன்றிய முதியோர்க்கு, ஏறிய சர்க்கரை மீண்டும் இறங்கக்கூடும் என்பதால் மருத்துவமனைக் கண்காணிப்பு தேவை.

மருத்துவ உரையாடலில் 'மயக்கம்' என்னும் ஒற்றை வினாவுக்கு மாற்றாக இருவரிடம் இருவகை வினா எழுப்பலாம். நோயாளியிடம்: 'கை வெடவெடத்ததா, வியர்த்ததா, திடீரெனப் பசித்ததா?' வீட்டாரிடம், தனியே: 'சொன்னதையே சொன்னாரா, காரணமின்றிச் சினந்தாரா, கொடுத்ததை வாங்க மறுத்தாரா, அப்போது மணி என்ன, அதற்குமுன் எப்போது உண்டார்?'