காலரா: குடலைத் துளைக்காமலே கொல்லும் கிருமி

நோய்க்கிருமி என்றால் சதைக்குள் புகுந்து அரிக்கும் என்றே பலரும் நினைக்கிறோம். வாந்திபேதி எனப்படும் காலராவின் கிருமி அப்படிச் செய்வதில்லை. அது குடல் சுவரைத் துளைப்பதில்லை. இரத்தத்திலும் பொதுவாகக் கலப்பதில்லை. ஆனாலும் காலையில் நடமாடியவரை இரவுக்குள் சாய்த்துவிடும்.

ஒட்டிக்கொண்டு நஞ்சைக் கக்கும்

அசுத்தமான நீரோடும் உணவோடும் உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பகுதி இரைப்பை அமிலத்தில் செத்துவிடும். தப்பியவை சிறுகுடலின் உட்பரப்பில் ஒட்டிப் பெருகி, நச்சுப்புரதம் ஒன்றைச் சுரக்கின்றன. அதன் ஐந்து துண்டுகள் குடல் செல்லைப் பற்றிக்கொள்ள, ஆறாவது உள்ளே நுழைகிறது. செல்லை நீர் சுரக்கச் சொல்லும் சமிக்ஞை, வேலை முடிந்ததும் தானாக அணைய வேண்டும். நஞ்சு அதை அணையவிடாது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது. சோடியமும் நீரும் அதன் பின்னாலேயே போகின்றன.

அரிசி கழுவிய தண்ணீரைப் போலப் பேதியாகும். நோய் முற்றினால் மணிக்கு ஒரு லிட்டர்கூட வெளியேறலாம். கண் குழிவிழும், தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு உடனே மறையாது, நாடி தளரும், சிறுநீர் நின்றுபோகும். கொல்வது இந்த நீரிழப்புதான்.

கல்கத்தாவில் கிடைத்த விடை

1884இல் கல்கத்தாவில் இந்தக் கிருமியை ஆராய்ந்த ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோச், நஞ்சுதான் காரணம் என்று கருதினார். அதை நிரூபிக்க 75 ஆண்டுகள் ஆயின. 1959இல் அதே நகரின் மருத்துவர் சம்புநாத் தே, கிருமி வளர்ந்த நீரிலிருந்து கிருமியை நீக்கிவிட்டு, அந்த நீரை மட்டும் முயலின் குடல் துண்டுக்குள் செலுத்திக் காட்டினார். ஒரு கிருமிகூட இல்லாமலே குடல் நீர்கோத்து உப்பியது. இவர் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தண்ணீரை நிறுத்தாதீர்கள்

குளுக்கோஸோடு சேர்த்துச் சோடியத்தை உறிஞ்சும் வழியை இந்த நஞ்சு கெடுப்பதில்லை. உப்பு சர்க்கரைக் கரைசல் உயிர் காப்பது அதனால்தான். 1971இல் மேற்கு வங்கத்தின் போன்காவ் அகதி முகாமில் டிரிப்ஸ் திரவம் தீர்ந்தபோது, மருத்துவர் திலீப் மஹலநாபிஸ் இதையே குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

“குடித்தால் இன்னும் போகும்” என்று தண்ணீரை நிறுத்துவது பெரிய ஆபத்து. ஓ.ஆர்.எஸ். எனப்படும் இந்த உப்பு சர்க்கரைப் பொட்டலத்தை, அதில் போட்டிருக்கும் அளவுப்படி, காய்ச்சி ஆறிய நீரில் கரையுங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால், அதே போன்ற ஒரு லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கரையுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். குடிக்கவே முடியாமல் சோர்ந்தால், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். வழியிலும் முடிந்தவரை புகட்டிக்கொண்டே போங்கள்.