தகரத்தைத் தடவும் வெளிச்சம்

கறுப்பு வெள்ளை – 11

சென்ற வாரம் பள்ளிப்பட்டு விசைத்தறிக் கூடத்தில், ஓடும் நாடாவையும் அறுந்த நூலையும் படம் பிடிப்பது பற்றிப் பார்த்தோம். இந்த வாரம் அதே திருவள்ளூர் மாவட்டத்தின் இன்னொரு கோடிக்குப் போவோம். பள்ளிப்பட்டைத் தொட்டு ஓடும் கொசஸ்தலை ஆறு பூண்டி நீர்த்தேக்கத்தை நிரப்புகிறது. அங்கிருந்து இறங்கும் தண்ணீர் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திரும்பி, கால்வாய் வழியாகச் சோழவரம் ஏரிக்குப் போய்ச் சேருகிறது. சோழவரம் என்றால் சென்னைக்காரர்களுக்குக் குடிதண்ணீர். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கூடவே கார் ரேஸும் ஞாபகம் வரும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே இருந்தது. போர் முடிந்தபின் வெறுமனே கிடந்த அந்தத் தளத்தில் கார், பைக் பந்தயங்கள் தொடங்கின. 1953ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகச் சோழவரம்தான் இந்திய மோட்டார் பந்தயத்தின் தலைநகர். மகாராஜாக்கள் வெளிநாட்டுக் கார்களோடு வந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா இங்கே என்சைன் ஃபார்முலா ஒன் காரையே ஓட்டினார். பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் அமைந்தது. சோழவரம் ஓய்ந்தது.

ஆனால் சோழவரத்தில் சீறியவற்றில் பெரும்பாலானவை என்சைனும் ஜாகுவாரும் அல்ல. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம். நாட்டில் கிடைத்தவை அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இவற்றின் இன்ஜினைக் கழற்றி, குழாய்களை வெல்டிங் செய்து சட்டம் கட்டி, மேலே அலுமினியத் தகட்டைப் போர்த்தி ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார்கள். கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் இந்தக் கைவேலையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனவர். 796 சிசி மாருதி இன்ஜினை வைத்து அவர் செய்த ஃபார்முலா மாருதி கார்களால், பெரும்பணக்காரர் வீட்டுப் பிள்ளையாக இல்லாதவர்களும் பந்தயத்துக்குள் நுழைய முடிந்தது. 2005ல் ஃபார்முலா ஒன்னில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் அந்தக் காரில் தொடங்கியவர்தான். கரிவரதன் 1995ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இப்படிப்பட்ட கார்களைக் கிட்டே போய்க் கறுப்பு வெள்ளையில் எடுக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. டிங்கரிங் பட்டறையில் கவனித்திருப்பீர்கள். அனுபவமுள்ள மேஸ்திரி பள்ளத்தைக் கண்ணால் தேடமாட்டார், உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். பளபளக்கும் பெயின்ட் கண்ணை ஏமாற்றும், கையை ஏமாற்றாது. சாய்வாக விழும் வெளிச்சமும் அந்த உள்ளங்கையைப் போலத்தான். நிறத்தை எடுத்துவிட்டால் மேடு, பள்ளம், சுத்தியல் தழும்பு, ரிவெட் வரிசை, வெல்டிங் மடிப்பு எல்லாம் வெளியே வந்துவிடும். அச்சில் அழுத்திச் செய்த காரில் இவை கிடையாது. கையால் தட்டிச் செய்த காரில் இவைதான் செய்தவரின் கையெழுத்து.

அதனால் உச்சிவெயிலில் எடுக்காதீர்கள். காலை எட்டு மணிக்குள், வெளிச்சம் தகட்டின் மேல் பக்கவாட்டில் வழியும்போது எடுங்கள். கூடத்துக்குள் என்றால் ஒரே ஒரு விளக்கைத் தாழ்வாக, ஓரமாக வையுங்கள். பெயின்ட்டிலும் கண்ணாடியிலும் அடிக்கும் கூச்சத்தைப் போலரைசர் ஃபில்டர் குறைக்கும். பெயின்ட் அடிக்காத அலுமினியத்தில் அதன் ஜம்பம் பலிக்காது. அங்கே எதிரே ஒரு வெள்ளை வேட்டியைப் பிடிக்கச் சொல்லுங்கள். உலோகத்தில் வேட்டியின் பிம்பம்தான் விழும், சாம்பல் படிகள் மென்மையாக இறங்கும். மிக அருகில் போகும்போது ஃபோகஸ் சில மில்லிமீட்டர்தான் நிற்கும். ட்ரைபாடில் வைத்து எஃப் 11 வரை அப்பர்ச்சரைச் சுருக்குங்கள். பெல்ட் பக்கிளும் கேமரா வாரும் காரில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கீறல் விழுந்தால் அடுத்த முறை உரிமையாளர் உங்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

நிறம் போனாலும் நிறத்தின் சிக்கல் போகாது. அந்தக் காலப் பந்தயங்களில் இத்தாலிக்குச் சிவப்பு, பிரிட்டனுக்குப் பச்சை, பிரான்சுக்கு நீலம் என்று நாட்டுக்கொரு நிறம். சாதாரணக் கறுப்பு வெள்ளை பிலிமில் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும். அதற்கும் முந்தைய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பே தெரியாது. அதில் இத்தாலியச் சிவப்பு கன்னங்கரேலென்று விழும். பழைய படத்தைப் பார்த்துக் காரின் நிறத்தை யாராவது அடித்துச் சொன்னால் நம்பிவிடாதீர்கள். சிவப்பு ஃபில்டர் போட்டால் சிவப்புக் கார் வெளுக்கும், பச்சைக் கார் இருளும். டிஜிட்டலில் ரா ஃபைலாக எடுத்து வைத்துக்கொண்டால் இந்தத் தீர்மானத்தைப் பிறகு நிதானமாகச் செய்யலாம்.

நிற்கிற காரில் வேகத்தை எப்படிக் காட்டுவது? பிரெஞ்சுக்காரர் ழாக் ஆன்ரி லார்த்தீக் 1910களின் தொடக்கத்தில் எடுத்த புகழ்பெற்ற படம் ஒன்றில், பந்தயக் காரின் சக்கரம் நீள்வட்டமாக முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், வேடிக்கை பார்ப்பவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். ஷட்டரின் இடுக்கு மெதுவாக நகர்ந்ததும், அவர் கேமராவைக் காரோடு சேர்த்துத் திருப்பியதும் சேர்ந்து செய்த வேலை அது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. நிற்கும் காரில் அந்த வித்தை நடக்காது. ஆனால் வேகம் தன் தடயத்தை விட்டுத்தான் போயிருக்கும். மூக்குப் பகுதியில் கல் தெறித்த புள்ளிகள் முன்பக்கம் அடர்ந்து பின்பக்கம் கலைந்திருக்கும். பிரேக் பெடலின் வரிகள் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். எக்ஸாஸ்ட் குழாய் வெளியே வரும் இடத்தில் தகடு வெந்து நிறம் மாறியிருக்கும். ஸ்டீயரிங்கில் கை பிடித்த இடம் மட்டும் வழவழவென்றிருக்கும். முழுக் காரையும் விட்டுவிட்டு இந்த நான்கை எடுங்கள். கார் எப்படி ஓடியது என்பதை இவை சொல்லிவிடும்.

ஒரு அவசரமும் இருக்கிறது. பழைய கார்களுக்கு இப்போது மவுசு. உரிமையாளர்கள் அவற்றைப் புதுப்பிக்கிறார்கள், கண்காட்சிகளில் நிறுத்துகிறார்கள். பட்டி பார்த்து, தேய்த்து, புதுப் பெயின்ட் அடித்தால் கண்ணைப் பறிக்கும்தான். ஆனால் கல் புள்ளிகளும் சுத்தியல் தழும்பும் அதற்கடியில் போய்விடும். உள்ளூரில் செய்த ஒற்றை இருக்கைக் கார்களுக்குக் கம்பெனி வரைபடமோ கையேடோ கிடையாது. அழிந்ததைத் திரும்பப் பார்க்க வழியே இல்லை. ஆகவே கண்காட்சி வரை காத்திருக்காதீர்கள். கார் பட்டறைக்குள் நுழையும் நாளிலேயே, முதல் உப்புத்தாள் படுவதற்கு முன், அனுமதி கேட்டு உள்ளே போய்விடுங்கள். எடுத்த படங்களில் ஒரு பிரதியை அந்த மேஸ்திரிக்குக் கொடுங்கள். எந்த வளைவைத் திரும்ப எப்படித் தட்ட வேண்டும் என்பதற்கு அதுதான் அவருக்கு வரைபடம்.

அடுத்த வாரம் மலையேறுகிறோம். ஊட்டியில் நம் நாட்டுக் கறுப்பு வெள்ளை பிலிம் தயாரான ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் கதை.

(தொடரும்)