ஐந்தாவது பங்கு

கோவை உக்கடத்தில் மீன் மார்க்கெட் பக்கமோ பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள கடைகளிலோ நாலு பேர் கூடினால், "நாமளும் ஒரு டிரஸ்ட் ஆரம்பிக்கலாங்க" என்ற பேச்சு வந்துவிடும். பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், வசதியில்லாதவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு. மனசு நல்ல மனசுதான். ஆனால் வசூல் நின்றதும் தர்மமும் நின்றுவிடுகிறது. நிலைத்து நிற்க என்ன செய்வது என்பதை இதே ஊரில், அவிநாசி ரோட்டுப் பீளமேட்டில், நூறு வருஷத்துக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார்கள்.

முதல் வேலை, முதலை ஒதுக்குவது. பீளமேட்டைச் சேர்ந்த பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் மகன்கள் வெங்கடசாமி, ரங்கசாமி, கங்கா, நாராயணசாமி நால்வரும் 1926இல் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கினார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. 2,01,000 ரூபாயோடு பி.எஸ்.ஜி. அண்ட் சன்ஸ் சாரிட்டீஸ் பிறந்தது. லாபம் வந்தால் தருகிறோம் என்று அவர்கள் தள்ளிப்போடவில்லை. தர்மத்தையும் ஒரு பங்காளியாக உட்கார வைத்துப் பிரித்தார்கள். எனக்கு இதுதான் அந்த வரலாற்றின் உயிர்நாடி. உங்களிடம் இருப்பது சில ஆயிரமே ஆனாலும், எடுத்து வைத்ததைத் திரும்பக் கேட்க மாட்டோம் என்ற முடிவு முதலில் வரவேண்டும்.

அடுத்தது பத்திரம். முத்திரைத்தாளில் டிரஸ்டின் பெயர், முகவரி, மூலதனம், அறங்காவலர்கள், நோக்கங்கள் எல்லாவற்றையும் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். நோக்கங்களை எழுதும்போது அவசரப்படாதீர்கள். கல்வி, மருத்துவம் என்று மட்டும் எழுதிவிட்டு, பின்னால் பிள்ளைகளுக்கு வள்ளிக்கும்மி கற்றுத்தரும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தால், இது எந்த நோக்கத்தில் வருகிறது என்று ஆடிட்டர் கேட்பார். கலை என்ற சொல்லை அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். இரண்டு விஷயங்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஓர் அறங்காவலர் விலகினாலோ காலமானாலோ அடுத்தவர் எப்படி வருவார்? டிரஸ்டைக் கலைக்க நேர்ந்தால் சொத்து எங்கே போகும்? அதே நோக்கமுள்ள வேறோர் அறக்கட்டளைக்குத்தான் போகும், கொடுத்தவர் வீட்டுக்குத் திரும்பாது என்று தெளிவாக எழுதுங்கள்.

பிறகு டிரஸ்ட் பெயரில் பான் கார்டு, தனி வங்கிக் கணக்கு. வருமான வரித் துறையில் அறக்கட்டளைக்கான பதிவு, நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை கிடைக்கத் தனி ஒப்புதல். விண்ணப்பமெல்லாம் ஆன்லைனில்தான், நல்ல ஆடிட்டர் இருந்தால் பெரிய சிரமமில்லை.

சிரமம் அடுத்த கட்டத்தில்: வருமானத்துக்கு வழி. பீளமேட்டில் சர்வஜனப் பள்ளி 1924இலேயே வந்துவிட்டது. 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்தான் சகோதரர்களின் பெரிய யோசனை. அது பட்டறையும் பள்ளியும் ஒன்றாக இருந்த இடம். 1930களில் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்ததும் கொங்கு நாட்டில் கிணற்றுக்கு மோட்டார் பம்பு வேண்டும், மில்லுக்கு இயந்திரம் வேண்டும். இங்கே பையன் லேத்தில் நின்று கடைசல் பழகினான். பட்டறையில் செய்த பம்பும் மோட்டாரும் விலைக்குப் போயின. தொழில் கற்பிக்கிற இடமே சம்பாதிக்கவும் செய்தது. 1951இல் பி.எஸ்.ஜி. பொறியியல் கல்லூரி வந்தபோது, அதையும் இந்தப் பட்டறையோடு ஒட்டியே அமைத்தார்கள். உக்கடத்தில் ஒரு தையல் வகுப்பு தொடங்குகிறவர்கள்கூட இதைக் கவனிக்கலாம்: பழகும் பெண்களே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தால் வாடகைக்கு வசூல் நோட்டு தூக்க வேண்டியதில்லை.

பட்டறை சம்பாதிக்கத் தொடங்கிய பிறகுதான் மற்ற விரிவுகள். 1939இல் பாலிடெக்னிக், 1947இல் கலைக் கல்லூரி, 1985இல் மருத்துவக் கல்லூரி. மருத்துவத்துக்கு வர ஏறக்குறைய அறுபது வருஷம் ஆனது.

கடைசி வேலை ஒவ்வொரு வருஷமும் உண்டு. அந்தந்த ஆண்டு வருமானத்தில் குறைந்தது 85 சதவீதம் அறப்பணிக்குச் செலவாக வேண்டும். 15 சதவீதத்தைச் சேர்த்து வைக்கலாம். கணக்கு முடித்து ஐடிஆர் 7 தாக்கல் செய்யுங்கள். அந்தக் கணக்கை ஒரு நகல் எடுத்து, பணம் கொடுத்த ஒவ்வொருவர் கையிலும், அவர் நூறு ரூபாய் கொடுத்தவரானாலும் சரி, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.